சொல்லும் வழக்கும்: பனியும் பரணும்



திருப்பதிப் பேருந்து நிலையத்தை ஒட்டிய செய்தித்தாள் கடைகளில் தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் ஆகிய மும்மொழி நாளேடுகளும் அடுத்தடுத்துக் கிடக்கக் காணலாம். கத்திரி வெயில் காயும் நாளில், வெப்பம் 40 பாகையைக் கடந்து நிற்கும் வேளையில், அவற்றுள் ஆங்கிலத் தாளை எடுத்து விரிப்பவர்க்கு ஒரு விந்தை காத்திருக்கும். ஏதோ ஒரு துறையில் வேலை பனியாறு ஊர்வதுபோல் ஊர்கிறது என்று ஒரு செய்தி கூறும். இரண்டு நாடுகளின் உறவு உறைந்துபோயிற்று என்று மற்றொன்று கூறும். குழு ஒன்றின் பரிந்துரை குளிர்பதனக் கிடங்கிற்குப் போய்விட்டது. தூதுவர்க்குக் குளிர்ந்த வரவேற்பே கிடைத்தது. வெளிவந்துள்ள ஊழல் பனிப்பாறையின் நுனி மட்டுமே. இப்படிப் பக்கந்தோறும் பனிக்கட்டி! தாளின் வெளியே தார்ச்சாலை உருகிக்கொண்டிருக்கும்.

ஆங்கிலத் தாள் அவ்வாறு எழுதுவதில் நமக்கு வழக்கில்லை. அந்த மொழி பிறந்த நிலம் அத்தகையது. குளிரில் குளமும் கழனியும் இறுகும் நாட்டில், முதியோரையும் குழந்தைகளையும் குளிர் கொண்டுபோகும் நாட்டில், அடுப்பின் கனலே உயிர்காப்பு. அன்பை வெம்மை என்றும் அன்பின்மையைக் குளிர் என்றும் அம்மக்கள் சொல்லிப் பழகியது இயல்பே. நாம் கேட்க விரும்புவது வேறு. அவ்வுவமைகள் தமிழ்த் தாளுக்குள் அப்படியே இறங்கும்போது என்ன நேர்கிறது? சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறி வாழும் நம் குடும்பங்களில் ஒரே திண்ணையில் தமிழ்த் தாளும் தெலுங்குத் தாளும் படிக்கப்படுகின்றன. ஆகவே இதனை எடைபோட்டுப் பார்க்க நம்மைவிட வாய்ப்புடையார் பலர் இரார்.

முதலில் பனி என்னும் சொல்லையே நோக்குவோம். ஓராண்டை ஆறு பருவமாகப் பகுத்த நம் முன்னோர் அவற்றுள் இரண்டனுக்குப் பனியின் பெயரையே இட்டனர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது இன்றும் வழங்கும் பழமொழி. ஆயினும் அப்பனி எது? புல்லின் நுனியில் விடியற்காலையில் திரண்டு நிற்கும் நீர்த்துளி. மார்கழியில் திருமலைச் சரிவுகளை மறைத்து நிற்கும் புகைபோன்ற படலம். வெயில் ஏறியதும் இரண்டும் போன இடம் தெரியாது. வந்த துன்பம் விரைந்து நீங்கியதைச் சொல்லக் ‘கதிரவனைக் கண்ட பனிபோல’ என்கிறோம். ஆங்கிலேயன் மெதுவாக நகர்வதற்குக் காட்டும் பொருளை நாம் விரைவாக மறைவதற்குக் காட்டுகிறோம் என்பதைக் கருதுக. ‘பனியின் வேகத்தில் பணிகள் நடைபெறுகின்றன’ என்று ஒருவர் எழுதினால், தமிழ் மட்டும் அறிந்த பெரியவர், பரவாயில்லையே, விடிந்ததும் முடிந்துவிடும் போலிருக்கிறதே என்று மகிழ்ந்தாலும் மகிழ்வார்.

தெலுங்கில் இதற்கு மஞ்சு என்பது பெயர். நம் இலக்கியங்களில் மேகத்தையும் மூடுபனியையும் குறிக்கும் மஞ்சு என்னும் சொல்லுக்கு அஃது உறவு. ஆனால் தெலுங்கில் பனி என்றால் வேலை. நம் பணி என்னும் சொல்லின் உடன்பிறப்பு. போரு என்றால் போராட்டம். தெலுங்குவழியில் படித்துவிட்டு வீட்டில் தமிழ்த் தாளைப் புரட்டும் நம் பிள்ளைகள் ‘பனிப்போர்’ என்று கண்டதும் அஃது ஏதோ தொழிலாளர் வேலைநிறுத்தம் என்று எண்ணிக்கொண்டால் அவர்களைக் கடிந்துகொள்ள முடியாது!

பனிக்கட்டி என்பது நம் மண்ணிற்கு வந்த வரலாறும் சுவையானதே. அமெரிக்காவின் பாஸ்டன் நகர வணிகர் பிரெடெரிக் டியூடர் என்பார், தம் நாட்டுக் குளங்களில் மாரிக்காலத்தில் உறைந்த நீரைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி 1833-ஆம் ஆண்டில் கல்கத்தாவிற்கு அனுப்பினார். 1842-ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையில் அதனைச் சேமித்து வைக்க ஒரு கட்டடம் எழுந்தது. பிற்காலத்தில் விவேகானந்தர் இல்லமாகிய அக்கட்டடத்தை ஒட்டிய பகுதிக்கு ‘ஐஸ் ஹவுஸ்’ என்னும் பெயர் மக்கள் வாயில் இன்றும் வழங்குகிறது. கடல்கடந்து வந்த அந்தப் பொருளைக் கொண்டு தமிழன் தானே ஓர் உவமை செய்துகொண்டான். அஃது என்ன தெரியுமா? ‘ஐஸ் வைத்தல்’. மேலதிகாரியைப் புகழ்ந்து அவர் தலையைக் குளிரச் செய்து காரியம் சாதித்துக்கொள்ளுதல்! தெலுங்கரும் ஏறக்குறைய இப்படியே கூறுவர். ஆங்கிலத்தில் பகைமைக்கு உவமையான பனிக்கட்டி, வெயிலில் வாழும் நம்மிடம் வந்ததும் முகமன் ஆகிவிட்டது. யாரும் கட்டளையிட்டு இது நடக்கவில்லை. மண்ணின் வெப்பம் தன் வேலையைச் செய்தது.

குளிர்ச்சி நமக்கு அருள். கண் குளிரக் கண்டோம், காது குளிரக் கேட்டோம், உள்ளம் குளிர்ந்தது, பெற்ற வயிறு குளிர்ந்தது. அரசனின் கருணைக்குத் தண்ணளி என்று பெயரிட்டனர் பெரியோர். தண்மையும் அளியும் சேர்ந்த சொல் அது. அவன் வெண்கொற்றக் குடையின் சிறப்பு அது தரும் நிழலின் குளிர்ச்சியே. தெலுங்கு மூதாட்டி ஒருத்தியின் காலில் விழுந்து வணங்கினால் ‘சல்லகா உண்டு நாயனா’ என்பாள். குளிர்ச்சியாக இரு, அதாவது நலமாக வாழ்வாயாக என்பது பொருள். அம்மொழியில் ‘சல்லனி சூப்பு’ என்பது தண்ணருள் பொழியும் பார்வை. வேங்கடமலைக்குத் தெற்கே வழங்கும் மொழியும் வடக்கே வழங்கும் மொழியும் இந்த ஒன்றில் சிறிதும் வேறுபடவில்லை. தொல்காப்பியப் பாயிரம் தமிழ்கூறும் நல்லுலகின் வட எல்லையாக வேங்கடத்தை வரைந்தது. வெயிலுக்கு எவரும் எல்லை வரையவில்லை.

ஐயம் உடையவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து உங்களோடு தங்கியிருக்கும் ஆயாவிடம், ‘வெளிநாட்டு அமைச்சருக்குக் குளிர்ந்த வரவேற்பு’ என்று தலைப்பைப் படித்துக் காட்டுங்கள். “நல்ல மனுஷங்க, இளநீர் கிளநீர் குடுத்திருப்பாங்க” என்றுதான் அவர் சொல்லுவார். செய்தியின் பொருள் தலைகீழாய்ப் போயிற்று. பிழை ஆயாவுடையதா, எழுதியவருடையதா? ‘முகங்கொடுத்துப் பேசவில்லை’ என்று எழுதியிருந்தால் யாருக்கு என்ன குறை? பாராமுகம் என்றும் கண்டும் காணாததுபோல் இருத்தல் என்றும் எத்தனை சொற்கள் நம் வீடுகளில் நாள்தோறும் புழங்குகின்றன!

குளிரின் கொடுமையைத் தமிழர் அறியாதவர் என்று சொல்லவில்லை. நக்கீரர் பாடிய நெடுநல்வாடை முழுவதும் வாடைக்காற்றின் நடுக்கமே. ஆனால் அங்கே அரசன் பாசறையில் இருக்க, அரண்மனையில் தனித்திருக்கும் அரசியின் நெஞ்சம் உறைந்துபோகவில்லை, உருகுகிறது. புறத்தே குளிர், அகத்தே வேதனை என்பதே நம் இலக்கியத்தில் பிரிவின் இலக்கணம். அன்பற்ற நெஞ்சைக் கல் என்றனர், இரும்பு என்றனர், வறண்ட பாலை என்றனர். பனிக்கட்டி என்று சொல்ல அவர்களுக்குத் தோன்றவில்லை. உறைதல் என்னும் சொல்லும் பால் தயிராவதற்கும் நெய் கட்டியாவதற்கும் நம் அடுக்களையில் வழங்கியதே ஆகும். ‘இரத்தத்தை உறையவைக்கும் கொலை’ என்று நாளேடுகள் எழுதத் தொடங்கியபின் அச்சொல்லின் முகமே மாறிவிட்டது.

இது நிற்க. பத்திரிகை அலுவலகத்தில் நள்ளிரவில் அமர்ந்திருக்கும் துணையாசிரியரின் நிலையையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். உலகச் செய்திகள் அவர் மேசைக்கு ஆங்கிலத்தில் வருகின்றன. சில நிமிடங்களில் அவற்றைத் தமிழாக்கி அச்சுக்குத் தரவேண்டும். 1904-ஆம் ஆண்டில் சுதேசமித்திரனில் சேர்ந்த பாரதியாரும் இந்த வேலையைத்தான் செய்தார். ஆங்கிலத் தந்திகளைத் தமிழாக்கிய உழைப்பினூடேதான் புதிய அரசியல் தமிழ் உருவாயிற்று. ஆகவே மொழிபெயர்ப்பைப் பழிப்பது நம் கருத்தாகாது. மொழிபெயர்ப்பாளர் எந்த இடத்தில் நின்று சிந்தித்தார், எந்த இடத்தில் சிந்திக்காமல் கடந்தார் என்பதே கேள்வி.

இதற்குச் சிறந்த சான்று மேலே கூறிய பனிப்போர். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், அமெரிக்காவும் சோவியத்து நாடும் குண்டு வீசாமலே பகைத்து நின்ற நிலைக்குப் பெயர் வேண்டியிருந்தது. 1945-ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஆர்வெல் தம் கட்டுரையொன்றில் குளிர்ந்த போர் என்னும் பொருள்பட எழுதினார். 1947-இல் வால்டர் லிப்மன் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளரின் கட்டுரைத் தொடரால் அப்பெயர் உலகெங்கும் பரவியது. இருவரும் பத்திரிகைக்கு எழுதியவர்கள் என்பது நோக்கத்தக்கது. இந்திய மொழிகள் அதனை எவ்வாறு ஏற்றன? இந்தியில் சீத யுத்தம், மலையாளத்தில் சீதயுத்தம், கன்னடத்தில் சீதல சமரம். எல்லாம் நேர்ச் சொற்கள். தமிழில் பனிப்போர் என்பது பெருவழக்காயிற்று. கெடுபிடிப் போர் என்னும் பெயரும் பாடநூல்களில் இடம்பெற்றது. தெலுங்கர் மட்டும் குளிரை முற்றிலும் விட்டுவிட்டனர். அவர்கள் இட்ட பெயர் பிரச்சன்ன யுத்தம்; மறைந்து நடக்கும் போர் என்பது பொருள். சல்லனி என்றால் நன்மை என்று பொருள்படும் மொழியில் போரைக் குளிர்ந்தது என்று சொன்னால் எப்படிப் பொருந்தும் என்று எவரோ ஒருவர் ஒரு கணம் நின்று எண்ணியிருக்கிறார்! என் கருத்தில் இந்திய மொழிகளுள் இவ்வொரு சொல்லே பொருளுக்கு நெருங்கி நிற்பது. உவமையைத் தூக்கிவராமல் உண்மையைத் தூக்கிவந்த சொல் அது. நம் கெடுபிடிப் போரும் நல்ல சொல்லே, வழக்கில் வெல்லவில்லை. பனிப்போரோ இன்று நம் வீட்டுச் சொல்லாகிவிட்டது. ஒரே கட்சியின் இரு தலைவர்க்கிடையே பனிப்போர், மாமியார் மருமகளுக்கிடையே பனிப்போர் என்று எழுதினால் யாருக்கும் விளக்கம் வேண்டியதில்லை. வேரூன்றியதைப் பிடுங்குவது நம் வேலை இல்லை.

பனிப்பாறையின் நுனி என்பதையும் நான் தள்ளமாட்டேன். கடலில் மிதக்கும் பனிப்பாறையில் பத்தில் ஒன்பது பங்கு நீருக்குள் மறைந்திருக்கும். தெரிவது சிறிது, தெரியாதது பெரிது என்னும் கருத்தை அவ்வளவு தெளிவாகக் காட்டும் உவமை நம்மிடம் இல்லை. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது வேறு பொருள். அங்கே மறைந்தது எதுவும் இல்லை. புதிய கருத்தோடு வரும் புதிய உவமைக்கு வாசல் திறந்திருக்கட்டும்.

ஆனால் வேகத்திற்குப் பனியைச் சொல்வது அப்படிப்பட்டதன்று. நமக்கு அஃது அயல் என்பதோடு, இக்காலத்தில் உண்மையும் ஆகாது. பனியாறு என்பது மலைமீது ஆண்டாண்டாய் விழுந்து இறுகிய பனி, தன் பாரத்தாலேயே கீழ்நோக்கி ஊர்வது. பெரும்பாலும் மெதுவாக ஊரும் என்பது மெய்யே. எனினும் காரகோரத்தில் உள்ள குத்தியா என்னும் பனியாறு 1953-ஆம் ஆண்டில் மூன்று மாதங்களில் சுமார் 12 கிலோமீட்டர் முன்னேறியது. நாளொன்றுக்கு 100 மீட்டருக்கும் மேல்! கிரீன்லாந்தின் யாக்கோப்சாவன் பனியாறு 2012-இல் ஆண்டுக்கு 17 கிலோமீட்டர் என்னும் கணக்கில் கடலை நோக்கி ஓடியதை அறிவியலார் அளந்துள்ளனர். புவி வெப்பமடைவதால் இமயத்தின் பனியாறுகள் உருகிப் பின்வாங்குகின்றன. ஐக்கிய நாடுகள் அவை 2025-ஆம் ஆண்டினைப் பனியாறுகளைக் காக்கும் ஆண்டாக அறிவித்தது இந்த விரைவைக் கண்ட அச்சத்தினாலேயே. பிள்ளைகள் கனடாவிலும் பிற குளிர்நாடுகளிலும் இருக்கும் பெற்றோர் அங்கிருந்து வரும் படங்களில் பனியைக் காண்கின்றனர். பனியாறு அதனினும் வேறு என்பதை அவர்களும் அறிவது நலம்.

2021 பிப்ரவரி 7-ஆம் நாள் உத்தராகண்டத்தின் சமோலி மாவட்டத்தில் பாறையும் பனிக்கட்டியும் பெயர்ந்து விழுந்து, ஆற்றில் வெள்ளம் பெருகி, 200-க்கும் மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போயினர். நம் தாள்கள் பலவற்றில் ‘பனிப்பாறை உடைந்தது’ என்றே வந்தது. டைட்டானிக் கப்பல் 1912-இல் மோதிய பொருளுக்கும் பனிப்பாறை. இமயத்தின் பனியாற்றுக்கும் பனிப்பாறை! கடலில் மிதப்பது மலையில் எப்படி உடையும் என்று பள்ளிச் சிறுவன் கேட்டால் என்ன விடை சொல்வது? பூகோளப் பாடநூலில் பனியாறு என்னும் நல்ல சொல் இருக்கிறது. நாளேட்டின் மேசைக்கு அது வந்து சேரவில்லை.

மெய்யான பனி எவ்வளவு விரைவானது என்பதைத் தென்னாட்டார் ஒருமுறை கண்ணீரோடு அறிந்தனர். 2016 பிப்ரவரி 3-ஆம் நாள் சியாச்சின் பனியாற்றில், 19,000 அடிக்கும் மேலான உயரத்தில் இருந்த காவல்நிலையின்மீது பனிச்சுவர் சரிந்தது. மதராஸ் படைப்பிரிவின் 19-ஆம் பட்டாளத்தைச் சேர்ந்த வீரர் பதின்மர் புதையுண்டனர். தமிழ்நாட்டார் நால்வர், கருநாடகத்தார் மூவர், ஆந்திரம், கேரளம், மராட்டியம் ஆகிய மாநிலத்தார் ஒவ்வொருவர். ஆறாம் நாள் ஒருவர் உயிரோடு மீட்கப்பட்டார். அவரும் சில நாளில் மறைந்தார். பனிச்சரிவு என்னும் சொல்லை அவ்வாரத்தில் தமிழகத்துச் சிற்றூர்களும் கற்றுக்கொண்டன. அக்குடும்பங்களுக்கு முன்னால் நின்று, நிலப்பட்டா வழங்கும் அலுவலகத்தின் சோம்பலுக்குப் பனியை உவமை கூறுதல் எனக்கு உவப்பாகப் படவில்லை.

அப்படியானால் தாமதத்தைச் சொல்ல நமக்கு என்ன இருக்கிறது? நிரம்ப இருக்கிறது. ஆமை வேகம் என்பது தமிழ்த் தாள்களின் பழைய நண்பன். தெலுங்குத் தாள்களில் ‘நத்த நடக’ என்பது அன்றாடம் வரும். நம் நத்தையேதான் அந்த நத்த. இவை நம் தோட்டத்து உயிர்கள் என்பதனால் படிப்பவர்க்குப் படம் தெளிவாகத் தெரிகிறது. ஆயினும் இவற்றிலும் எனக்கு ஒரு குறை உண்டு. ஆமையும் நத்தையும் மெதுவாகச் செல்வது அவற்றின் பிறவிக்குணம். பனியாறும் அவ்வாறே. அவற்றைக் குறை சொல்ல எவரால் முடியும்? ‘பணிகள் ஆமை வேகத்தில் நடைபெறுகின்றன’ என்னும் வாக்கியத்தில் பணிகள் இருக்கின்றன, ஆமை இருக்கிறது; செய்யவேண்டியவர் மட்டும் இல்லை. வேலையைச் செய்யாதவர் அந்தத் தலைப்பைத் தாமே படித்துச் சிரித்துவிட்டுத் தேநீர் அருந்தலாம்.

நம் வீட்டுப் பெண்மக்களின் பேச்சில் இத்தகைய தப்பிக்கும் வழி கிடையாது. ‘ஆறப்போட்டார்கள்’ என்பார்கள். சூடாக இருந்ததை வேண்டுமென்றே ஆறவிட்டார்கள் என்று பொருள். ஆறிய கஞ்சி பழங்கஞ்சி என்பதும் இதன் சுற்றமே. உடனே செய்ததைச் ‘சூட்டோடு சூடாக’ என்கிறோம். குளிருக்கும் தாமதத்திற்கும் தமிழிலும் தொடர்பு உண்டு என்று இதனால் விளங்கும். ஆனால் அத்தொடர்பு பிறந்த இடம் இமயமன்று, அடுப்படி. அடுப்பிலிருந்து இறக்கிவைத்தவர் ஒருவர் அங்கே நிற்கிறார். இழுத்தடித்தார், தட்டிக்கழித்தார், கிடப்பில் போட்டார், ஊறப்போட்டார் என எதனை எடுத்தாலும் ஓர் ஆள் உண்டு. மனுக் கொடுத்து விடை வராமற்போனால் கிணற்றில் போட்ட கல் என்போம். (‘கிடப்பில் போடப்பட்டது’ என்று செயப்பாட்டுவினையில் எழுதி, போட்டவரை மறைத்துவிடும் உத்தியும் பத்திரிகைத் தமிழுக்கு நன்கு தெரியும். அதனை வேறொரு திங்களில் பார்ப்போம்.)

தெலுங்கர் இதில் நமக்கும் ஒரு படி மேல். கைவிடப்பட்ட திட்டத்தை அவர்கள் ‘அட்டகெக்கிந்தி’ என்பர். அட்டக என்பது வீட்டுப் பரண். திட்டம் பரணேறிவிட்டது என்பது பொருள். பழம்பானையும் கிழிந்த பாயும் உடைந்த தொட்டிலும் கிடக்கும் இடத்தில் அரசின் ஆணையும் போய்க் கிடக்கிறது! கோரிக்கை குப்பைக்குப் போனால் ‘புட்ட தாக்கலு’ என்பர். புட்ட என்றால் கூடை. தாக்கல் நாமும் அறிந்த கச்சேரிச் சொல். மனுவைக் கூடையில் தாக்கல் செய்துவிட்டார்களாம். இவ்வளவு கூரிய சொற்களைக் காதருகே வைத்துக்கொண்டு, நம்மவர் ஆங்கிலத்தைப் பின்பற்றிக் கோப்பு குளிர்பதனக் கிடங்கில் கிடக்கிறது என்று எழுதுவது வியப்பே. சித்தூர் மாவட்டத்து உழவரைக் கேட்டால் அந்த உவமையின் பொருந்தாமை புரியும். மாங்கூழும் பாலும் கெடாமல் காசாவது குளிர்ச்சியினால்தான். கிடங்கில் வைத்தது வெளியே வரும்போது விலை பெறும். அலுவலகத்து அலமாரியில் வைத்த கோப்பைக் கரையான் அல்லவா தின்கிறது?

பாலைப் பற்றிய பேச்சு வந்ததனால் சொல்கிறேன். சித்தூர்க் கூட்டுறவுப் பாற்பண்ணை 2002-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அதற்கு மீண்டும் உயிரளிக்க அடிக்கல் நாட்டியது 2023 ஜூலையில். இடையே இருபது ஆண்டுகளுக்கு மேல். இதனைப் பனியாற்று வேகம் என்று எழுதினால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அவ்வாண்டுகளில் பாலுக்குக் கிடைத்த விலை என்ன, பண்ணையின் இயந்திரங்கள் என்ன ஆயின, முடிவு எடுத்தவர் யார், எடுக்காதவர் யார் என்று கேட்கும் ஆவலை அவ்வழகு தணித்துவிடும்.

கிருட்டிணை நீரின் கதையும் அத்தகையதே. சென்னைக்குக் குடிநீர் தர மராட்டியமும் கருநாடகமும் ஆந்திரமும் ஆளுக்கு 5 டி.எம்.சி. விட்டுக்கொடுக்க இசைந்தது 1976-இல். ஆவியாகிப் போவது நீங்க எல்லையில் 12 டி.எம்.சி. கிடைக்கவேண்டும் என்பது கணக்கு. தமிழ்நாடும் ஆந்திரமும் ஒப்பந்தம் செய்தது 1983-இல். கண்டலேறு நீர்த்தேக்கத்திலிருந்து காளத்தி, சத்தியவேடு வட்டாரங்களைக் கடந்து, ஊத்துக்கோட்டை எல்லை வழியே பூண்டிக்கு நீர் முதன்முதலில் வந்தது 1996-இல். வந்த நீரும் குறைவு. கால்வாயின் கரை பல இடங்களில் உடைந்து கிடந்தது. சத்திய சாயிபாபாவின் அறக்கட்டளை 2002-க்குப் பின் அதனைச் செப்பனிட்டது. ஒப்பந்தம், நில எடுப்பு, பணம், வெட்டுவேலை, கரை கட்டுதல் என ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு கை இருந்தது. எந்தக் கை எத்தனை ஆண்டு அசையவில்லை என்று எழுதுவதற்கு நிருபர் காளத்திக்கும் சத்தியவேட்டிற்கும் நடக்கவேண்டும். பனியையோ ஆமையையோ எழுத நாற்காலியே போதும்.

இதனை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி மீண்டும் தமிழகத்தோடு சேர்ந்தது. சித்தூர், புத்தூர், நகரி, காளத்தி, திருப்பதி ஆகியவை ஆந்திரத்தில் நின்றன. இவ்வூர்களில் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. தொழிலுக்காகப் பின்னர் வந்து சேர்ந்தவர்கள் நம்மில் பலர். சிறுபான்மை மொழியினராக வாழ்வோர்க்குத் தாமதம் என்பது வெறும் செய்தியன்று. தமிழ்வழிப் பள்ளியில் ஓர் ஆசிரியர் ஓய்வுபெற்று அவ்விடம் நிரப்பப்படாமல் கிடந்தால், மூன்று ஆண்டில் ஒரு வகுப்புப் பிள்ளைகள் தமிழ் எழுத்தையே விட்டு அகன்றுவிடுவர். பனியாறு ஊர்கிறது என்று சொல்லிக்கொண்டு அதனை வேடிக்கை பார்த்திருக்க முடியுமா? அதற்கு மனு எழுதும்போதும், நிருபரிடம் சொல்லும்போதும், இன்ன அலுவலகத்தில், இன்ன நாள் முதல், இன்னார் மேசையில் கோப்பு நிற்கிறது என்று சொல்லவேண்டும். தெலுங்குத் தாளின் மாவட்டப் பதிப்பு நிருபரிடம் பேசுவோர் ‘அட்டகெக்கிந்தி’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். மறுநாள் தலைப்பில் அச்சொல்லே நிற்கக் காண்பீர்கள்.

அடுத்த திங்களுக்காக அன்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆறப்போடுதல், ஊறப்போடுதல் போன்று தாமதத்தைக் குறிக்க உங்கள் சொந்த ஊரில் வழங்கும் சொற்களை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். நகரி நெசவாளர் வீடுகளிலும் மண்டி வணிகர் வீடுகளிலும் அத்தொழில்களுக்கே உரிய சொற்கள் இருக்கலாம். சொல்லோடு ஊரின் பெயரையும், எந்த இடத்தில் எப்படி வழங்கும் என்பதையும் சேர்த்து எழுதுதல் வேண்டும். தெலுங்குச் சொற்களையும் தமிழ் எழுத்தில் அனுப்பலாம். பரணுக்கு நிகராகத் தமிழ்த் தாள்களுக்குக் கொடுக்க நம்மிடம் ஏதேனும் இருக்கிறதா என்று பார்ப்போம்.